முப்பது டிகிரியில் சிவப்பு

நுண்ணோக்கியில் ஆயிரம் மடங்கு பெருக்கிப் பார்த்தாலும் பாக்டீரியா தன்னைப் பற்றி அதிகம் காட்டிக்கொள்வதில்லை. ஒரு கோல், ஓர் உருண்டை, எப்போதாவது ஒரு வளைவு, அவ்வளவுதான். குடலில் காலங்காலமாகக் குடியிருக்கும் எஷ்சரிச்சியா கோலையும் டைஃபாய்டு காய்ச்சலைத் தரும் சால்மொனெல்லாவும் சாயமேற்றிப் பார்த்தால் ஒரே மாதிரியான சிவப்புக் கோல்கள். பார்வை கைவிடும் இடத்தில் தீனி கைகொடுக்கிறது. எதைக் கொடுத்தால் தின்கிறது, எதைத் தொடுவதில்லை, தின்றபின் அமிலம் விடுகிறதா வாயு விடுகிறதா, எந்தச் சூட்டில் பெருகுகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, பதில்களைக் கோத்துத்தான் பெயர் எழுத முடிகிறது. வளர்ப்பு ஊடகம் என்று பாடநூல்கள் சொல்வது இந்தக் கேள்வியைத்தான். கேள்வி மாறினால் பதிலும் மாறுகிறது. சில சமயம் பதிலே வராமல் போகிறது. இந்தத் துறையின் சுவையும் ஆபத்தும் அங்கேதான் இருக்கின்றன.

காரைக்குடியில் இந்த விசாரணை மூன்று விதமான இடங்களில் நடக்கிறது. ஆஸ்பத்திரிகளிலும் அவற்றைச் சுற்றியுள்ள தனியார் லேபுகளிலும் நடப்பது எல்லா ஊருக்கும் பொது. மற்ற இரண்டும் அழகப்பச் செட்டியாரின் கொடை தொட்டு வந்தவை. அவர் கொடுத்த 300 ஏக்கர் நிலத்தையும் 15 லட்சம் ரூபாயையும் கொண்டு, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 ஜனவரி 14 அன்று ராதாகிருஷ்ணனால் திறந்துவைக்கப்பட்டது. ஊர்க்காரர்கள் வாயில் அது சிக்ரி. மின்கலமும் முலாமும் ஆராயும் நிலையத்துக்கு நுண்ணுயிரிடம் என்ன வேலை என்று தோன்றலாம். இரும்பு துருப்பிடிப்பதே ஒரு மின்வேதி வினை; அதை முடுக்கிவிடுகிறவற்றில் பாக்டீரியாவும் ஒன்று. சிக்ரியை அடுத்து, 1985-இல் தொடங்கிய அழகப்பா பல்கலைக்கழகத்தில், பாக்டீரியாக்கள் தமக்குள் எப்படிச் சேதி பரிமாறிக்கொள்கின்றன என்ற ஆராய்ச்சி நடக்கிறது. நோயாளியின் சிறுநீர், குழாயின் துரு, கடலோரப் பவளத்தின் மேற்பரப்பு என்று மாதிரிகள் வேறு வேறு. முதல் படி மூன்றுக்கும் ஒன்று: தட்டில் தனித்தனியாக முளைக்கவைப்பது.

அதற்குக் கெட்டியான ஒரு தளம் வேண்டும். திரவத்தில் வளர்த்தால் பத்து இனங்களும் ஒரே கலங்கலாகக் கலந்துவிடும். ராபர்ட் கோக் முதலில் அவித்த உருளைக்கிழங்குத் துண்டுகளில் முயன்றார், பிறகு ஜெலட்டினில். ஜெலட்டின் இருபத்தைந்து டிகிரியைத் தாண்டினாலே இளகத் தொடங்கும். மனித உடலின் 37 டிகிரியில் நிற்காது. காரைக்குடியின் சித்திரை வெயிலில் அதை மேசைமேல் வைத்தாலே கரைந்து ஓடியிருக்கும். போதாததற்குச் சில பாக்டீரியாக்கள் ஜெலட்டினையே தின்று நீராக்கிவிடுகின்றன. 1881 வாக்கில், கோக்குடன் பணியாற்றிய வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே ஒரு வழி சொன்னார். அவர் சமையலறையில் ஜெல்லி கெட்டியாக நிற்க அகர் சேர்ப்பது வழக்கம். ஜாவாவில் வாழ்ந்த குடும்பம் ஒன்றிடமிருந்து கற்றது. அகர் கொதிநிலைக்குப் பக்கத்தில் உருகி, நாற்பது டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் உறையும். உறைந்தபின் 37 டிகிரியில் நாள் கணக்கில் கிடந்தாலும் அசையாது. அதைத் தின்னும் பாக்டீரியாக்களும் மிகக் குறைவு. கோக் தம் கட்டுரையில் அகரை ஒரு வரியில் குறிப்பிட்டார், ஃபேனியின் பெயரைக் குறிப்பிடவில்லை. தட்டைக் கண்டுபிடித்த பெட்ரியின் பெயரோ 1887 முதல் தட்டோடு ஒட்டிக்கொண்டது.

அந்த அகர் எடுக்கப்படும் பாசி காரைக்குடிக்குத் தொலைவில் இல்லை. மன்னார் வளைகுடாவின் தீவுகளைச் சுற்றி, மண்டபம், பாம்பன் பக்கத்துப் பெண்கள் மூழ்கிப் பறித்துவரும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் கஞ்சிப் பாசியிலிருந்தும் அகர் தயாராகிறது. 1985-இல் மாவட்டம் பிரியும்வரை காரைக்குடியும் அவர்களுடைய ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. நோன்புக் காலத்தில் முஸ்லிம் வீடுகளில் செய்யும் கடல்பாசி இனிப்பும் லேபில் ஊற்றும் தட்டும் ஒரே சரக்கு. சுத்தத்திலும் விலையிலும்தான் வித்தியாசம்.

பொது ஊடகத்தின் கணக்கு எளிது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு பெப்டோன் 5 கிராம், இறைச்சிச் சாறு 3 கிராம், உப்பு 5 கிராம், அகர் 15 கிராம். இப்போதெல்லாம் கலந்த பொடியாகவே டப்பாவில் வருகிறது. ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் 15 நிமிடம் வைத்து, சூடு ஐம்பது டிகிரிக்கு இறங்கியதும் தட்டுகளில் ஊற்ற வேண்டும். அவசரப்பட்டு ஊற்றினால் மூடியில் ஆவி படிந்து, துளி சொட்டி, முளைக்கும் கூட்டங்களை ஒன்றோடொன்று கலக்கிவிடும். தட்டுகளை இன்குபேட்டரில் தலைகீழாகக் கவிழ்த்து அடுக்குவதும் அதற்காகத்தான். நுனியில் வளையமுள்ள கம்பியான லூப்பைத் தீயில் சிவக்கக் காட்டி, ஆறவிட்டு, மாதிரியை ஒரு மூலையில் தேய்த்து, மறுபடி சுட்டு, முந்தைய கோட்டின் ஓரத்தைத் தொட்டு அடுத்த பகுதிக்கு இழுத்து, இப்படி நான்கு முறை. கடைசிப் பகுதிக்கு வரும்போது செல்கள் ஒன்றிரண்டாகச் சிதறியிருக்கும். மறுநாள் காலை ஒவ்வொரு செல்லும் ஒரு புள்ளியாகப் பெருகி நிற்கும். அந்தப் புள்ளிதான் காலனி. கலப்பில்லாத காலனி கிடைக்காமல் செய்யும் சோதனை எல்லாம் வீண். லேபில் நடக்கும் தவறுகளில் பெரும்பகுதி இந்தக் கோடு இழுப்பதில் தொடங்குகிறது என்று பழகியவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு.

காலனி கிடைத்ததும் கிராம் சாயம். ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884-இல் வெளியிட்ட முறை இன்றும் பெரிதாக மாறவில்லை: கிரிஸ்டல் வயலட், அயோடின், ஆல்கஹால், பிறகு சஃப்ரனின். ஆல்கஹால் கழுவியபின்னும் ஊதாவாக நிற்பது கிராம் பாசிட்டிவ். கழுவப்பட்டுச் சிவப்பை ஏற்பது கிராம் நெகட்டிவ். செல்சுவரின் கட்டுமானத்தைப் பொறுத்த வித்தியாசம் இது. ஆல்கஹாலைச் சில நொடி கூடுதலாக விட்டால் பாசிட்டிவும் நெகட்டிவாகத் தெரியும். நாள்பட்ட கல்ச்சரும் அப்படியே ஏமாற்றும்.

அடுத்து, தெரிந்தெடுக்கும் ஊடகங்கள். மருத்துவ லேபில் அதிகம் புழங்குவது மக்கான்கி அகர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லிவர்பூலில் ஆல்ஃபிரட் மக்கான்கி உருவாக்கியது. அதில் பித்த உப்பும் கிரிஸ்டல் வயலட்டும் கிராம் பாசிட்டிவ் வகைகளைத் தலையெடுக்க விடாது. லாக்டோஸ் தீனி. அதைத் தின்று அமிலம் விடுகிறவை நியூட்ரல் ரெட் சாயத்தால் இளஞ்சிவப்பாகத் தெரியும், தின்னாதவை நிறமற்றிருக்கும். எஷ்சரிச்சியாவும் கிளெப்சியெல்லாவும் இளஞ்சிவப்பு. சால்மொனெல்லாவும் ஷிகெல்லாவும் நிறமற்றவை. ஏழரை சதவீத உப்பும் மானிட்டாலும் சேர்த்த தட்டில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் மஞ்சளாகப் படரும். ரத்த அகரில் சிவப்பணுக்களை உடைப்பவை தம்மைச் சுற்றித் தெளிந்த வளையம் போடும்.

சோதனைக் குழாய்களின் வரிசை பிறகு வருகிறது. ஸ்லைடில் ஒரு காலனியை வைத்து மூன்று சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டால் நுரைப்பது கேட்டலேஸ். ஆனால் ரத்த அகரிலிருந்து எடுத்த காலனியோடு சிவப்பணு ஒட்டிவந்தால் அதுவும் நுரைக்கும். ஆக்ஸிடேஸ் தாளில் பத்து நொடிக்குள் ஊதா வர வேண்டும்; நிக்ரோம் கம்பியால் தேய்த்தால் கம்பியே ஊதா வரவழைத்துவிடும் என்பதால் மரக்குச்சி நல்லது. இண்டோல், மெத்தில் ரெட், வோஜஸ்-ப்ராஸ்கவர், சிட்ரேட் என்ற நான்கும் ஒரு தொகுதி. எஷ்சரிச்சியாவுக்கு முதல் இரண்டும் நேர், கடைசி இரண்டும் எதிர். கிளெப்சியெல்லாவில் பெரும்பாலும் நேர்மாறு. தண்ணீரில் வந்தது மலத்திலிருந்தா மண்ணிலிருந்தா என்று பிரித்தறியத்தான் இந்தத் தொகுதி முதலில் பயன்பட்டது. 1923-இல் முதற்பதிப்பு வந்த பெர்ஜியின் கையேடு இத்தகைய பதில்களை அட்டவணையாக அடுக்கித் தந்து, பல தலைமுறைகளுக்கு இறுதித் தீர்ப்பாக விளங்கியது.

அட்டவணை எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பதற்கு செராஷியா மார்செசென்ஸ் நல்ல சாட்சி. 1819-இல் இத்தாலியில் பதுவாவுக்கு அருகே ஏழை வீட்டுச் சோளக்களி ரத்தம் கசிவதுபோல் சிவந்து ஊரே பீதியடைந்தபோது, பார்த்தலோமியோ பீட்சியோ என்ற மருந்தாளுநர் அது ஒரு நுண்ணுயிரின் வேலை என்று காட்டினார். அந்தச் சிவப்பு, புரோடிஜியோசின் என்னும் நிறமி. நிறத்தாலேயே அடையாளம் தெரியும், தீங்கும் செய்யாது என்று நம்பித்தான் அமெரிக்கக் கடற்படை 1950 செப்டம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோ நகரின்மேல் காற்றில் அதைத் தெளித்து, கிருமிப் போர் வந்தால் எவ்வளவு தூரம் பரவும் என்று சோதித்தது. அதன்பின் அந்நகர ஆஸ்பத்திரி ஒன்றில் பதினோரு பேருக்கு செராஷியா தொற்று வந்தது, ஒருவர் இறந்தார். தெளிப்புதான் காரணமா என்பது இன்றும் வாதத்தில் இருக்கிறது. தீங்கற்றது என்ற முடிவு தவறு என்பதில் இன்று வாதமில்லை; பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் அது பெயர் கெட்ட கிருமி.

நிறமே அடையாளம் என்ற நம்பிக்கையும் அரைகுறை. செராஷியா முப்பது டிகிரிக்குப் பக்கத்தில் வளரும்போது சிவக்கிறது. 37 டிகிரியில் பெரும்பாலும் வெளுத்தே இருக்கிறது. ஆஸ்பத்திரி இன்குபேட்டர் 37-இல்தான் ஓடுகிறது. நோயாளிகளிடமிருந்து கிடைக்கும் வகைகளில் பல எந்தச் சூட்டிலும் நிறம் காட்டுவதில்லை. நிறம் காட்டும் வகையோ மக்கான்கி தட்டில் தன் சொந்தச் சிவப்பால் லாக்டோஸ் தின்றதுபோல் நடித்து, புதியவரை எஷ்சரிச்சியா பக்கம் திருப்பிவிடும். அதைப் பிடிக்க வேறு கேள்விகள் வேண்டும். டிஎன்ஏ கலந்த அகரில் வளர்த்து, மேலே ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றினால் சுற்றிலும் தெளிவான வளையம் விழுகிறதா? ஜெலட்டினை நீராக்குகிறதா? கோக்குக்குத் தொல்லையாக இருந்த அதே பண்பு இன்று ஒரு சோதனை.

சிக்ரி ஆய்வாளர்கள் இந்த செராஷியாவைச் சந்தித்தது குழாய்த் துருவில். வடமேற்கு இந்தியாவில் டீசலும் நாஃப்தாவும் செல்லும் எஃகுக் குழாய்களின் துருவைக் கொண்டுவந்து, அதில் குடியிருப்பவை எவை என்று தேடினார்கள். கரிமத் தீனி எதுவும் இல்லாத, உப்புகள் மட்டும் கொண்ட புஷ்னெல்-ஹாஸ் ஊடகத்தில் டீசலை விட்டு, அதையே தின்று பிழைப்பது யார் என்று பார்ப்பது இதற்கான வழி. இந்தத் தட்டில் குடல் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை பட்டினி கிடக்கும். கிடைத்தவற்றில் செராஷியா மார்செசென்ஸும் பேசில்லஸ் செரியஸும் இருந்தன. எரிபொருளை உடைப்பதோடு, துரு வராமல் தடுக்கச் சேர்க்கும் ரசாயனங்களையும் குழாய்வாழ் பாக்டீரியாக்கள் சிதைக்கின்றன என்று அந்த ஆய்வுகள் காட்டின. ஆஸ்பத்திரி லேபும் குழாய் ஆய்வகமும் ஒரே பெயரைத்தான் எழுதின, வெவ்வேறு கேள்விகளின் முடிவில். பல்கலைக்கழகத்தில் மூன்றாவது கேள்வி: ஒரு பொருளைச் சேர்த்ததும் செராஷியா சாகாமலே சிவப்பை இழந்தால், அதன் சேதிப் பரிமாற்றத்தை அந்தப் பொருள் குலைத்திருக்கிறது என்று அறியலாம். அங்கே நிறமி, பெயர் கண்டுபிடிக்கும் வேலையை விட்டு அளவுகோலாகிவிட்டது.

குழாய்க்குள் இன்னொரு கூட்டம் இருக்கிறது. சாதாரணத் தட்டில் அது முளைக்கவே முளைக்காது. சல்ஃபேட்டைச் சுவாசிக்கும் பாக்டீரியாக்கள் அவை. நுண்ணுயிரியலாளர் பையரிங்க் 1895-இல் இவற்றைக் கண்டார். மண்ணில் புதைத்த இரும்புக் குழாய்கள் காற்றே இல்லாத இடத்தில் அரிக்கப்படுவதற்கு இவைதான் காரணம் என்று 1934-இல் இரண்டு டச்சு ஆய்வாளர்கள் விளக்கினார்கள். ஆக்ஸிஜன் இவற்றுக்கு ஆகாது. ஆகவே லாக்டேட்டும் சல்ஃபேட்டும் இரும்பு உப்பும், ஆக்ஸிஜனை உறிஞ்சும் பொருள்களும் சேர்த்த போஸ்ட்கேட் ஊடகத்தைக் குப்பியின் விளிம்புவரை நிரப்பி அடைக்க வேண்டும். உள்ளே அவை இருந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாகி, இரும்போடு சேர்ந்து குப்பி முழுவதும் கறுக்கும். இரண்டு நாளிலும் கறுக்கலாம், நான்கு வாரமும் ஆகலாம். களத்திலேயே ஒரு முன்சோதனை உண்டு: குழாயில் கொப்புளம்போல் எழும்பிய துருவை உடைத்தால் வெளியே செம்மஞ்சள், உள்ளே கறுப்பு. கறுப்பின்மேல் ஒரு சொட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் அழுகிய முட்டை நாற்றம் வரும்.

இதே கறுப்பு குடிநீரில் வேறொரு பொருளில் வருகிறது. செட்டிநாட்டு ஊர்களில் குடிக்கும் தண்ணீருக்கென்றே ஊருணி வெட்டி, கரை கட்டி, கால் நனைக்காமல் காத்த வழக்கம் பழையது. காரைக்குடி நகரத்துக்குக் குடிநீர் தருவது சம்பை ஊற்று. இந்தியத் தர நிர்ணயப்படி 100 மில்லி குடிநீரில் ஓர் எஷ்சரிச்சியாகூட இருக்கக் கூடாது. ஆய்வகத்துக்குப் போகாமல் பார்க்க, 1982-இல் குவாலியர் பாதுகாப்பு ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள் ஒரு குப்பிச் சோதனையை வெளியிட்டார்கள். உள்ளே ஊடகம் ஊறிய காகிதத் துண்டு. தண்ணீரை ஊற்றி ஒரு நாள் வைத்தால் மலக் கலப்பு இருந்தால் கறுக்கும். ஊராட்சிகளில் தண்ணீர் பார்க்கப் பழக்கப்பட்ட பெண்கள் கையில் இன்று இருப்பது இதன் வழிவந்த குப்பிதான். ஆனால் ஆழ்குழாய்த் தண்ணீரில் இயல்பாகவே வாழும் சல்ஃபேட் பாக்டீரியாவும் இதைக் கறுக்கவைக்கலாம். கறுத்தால் குடிக்காதிருப்பது சரி. யார் கறுக்கவைத்தது என்று சொல்ல ஆய்வகம் வேண்டும்.

கேட்காத கேள்வியால் தவறியவையும் உண்டு, கேட்டதால் கிடைத்தவையும் உண்டு. செட்டிநாட்டார் கொண்டுவிற்கப் போய் ரங்கூனில் கடைகள் நடத்திய காலத்தில், 1911-இல், அந்நகர ஆஸ்பத்திரியில் ஆல்ஃபிரட் விட்மோரும் சி. எஸ். கிருஷ்ணசாமியும் சில பிணப் பரிசோதனைகளில் விசித்திரமான சீழ்க்கட்டிகளைப் பார்த்தார்கள். குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் நோய்போல் இருந்தது. இறந்தவர்களில் பலர் மார்ஃபின் ஊசி போட்டுக்கொண்ட ஏழைகள், குதிரைப் பழக்கம் இல்லாதவர்கள். வளர்த்துப் பார்த்தபோது அந்தக் கிருமி கிளாண்டர்ஸ் கிருமியைவிடச் செழிப்பாகப் பெப்டோன் அகரில் வளர்ந்தது, நீந்தவும் செய்தது. இந்த இரண்டு வித்தியாசங்களைத் தள்ளிவிடாததால் 1912-இல் ஒரு புது நோய் அறிவிக்கப்பட்டது. இன்று அதற்கு மெலியாய்டோசிஸ் என்று பெயர். கிருமி, பர்க்ஹோல்டேரியா சூடோமேலை. வயல் மண்ணில் வாழும் இது தமிழ்நாட்டிலும் நோய் தருகிறது. ஆஷ்டவுன் அகரில் சில நாள் பொறுத்தால் சுருங்கிய ஊதாக் காலனிகளாக வரும். ஒரே நாளில் தட்டை எறிந்துவிடும் அல்லது 'சூடோமோனாஸ் வகை' என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிடும் லேபில் அகப்படாது.

1992-இன் கடைசி மாதங்களில் சென்னையில் பரவிய காலரா இன்னொரு பாடம். டி.சி.பி.எஸ். தட்டில் காலராக் கிருமிக்கு உரிய மஞ்சள் காலனிதான் வந்தது. ஸ்லைடில் ஓ1 என்ற வகைக்கான எதிர்ச்சீரத்தோடு கலந்தபோது மட்டும் திரளவில்லை. கொள்ளைநோயாகப் பரவுவது ஓ1 மட்டுமே என்பது அதுவரை எழுதப்பட்ட விதி. அப்போது தெரிந்திருந்த 138 வகைகளில் எதனோடும் ஒட்டாத அந்தக் கிருமி ஓ139 என்று எண்ணிடப்பட்டது. நோயாளிகள் விதிக்காகக் காத்திருக்கவில்லை. அது வங்கத்துக்கும் பங்களாதேசுக்கும் போய்விட்டது.

இப்போது பெரிய ஆஸ்பத்திரிகளில் மால்டி-டாஃப் கருவி ஒரு காலனியின் புரதங்களை லேசரால் எழுப்பி, எடை பார்த்து, சில நிமிடங்களில் பெயர் சொல்கிறது. ஆராய்ச்சிக் கூடங்கள், வோஸும் ஃபாக்ஸும் 1977-இல் காட்டிய வழியில், சுமார் 1,500 எழுத்துள்ள 16எஸ் ஆர்.என்.ஏ. மரபணுவைப் படிக்கின்றன. துருவிலிருந்து வந்தவற்றுக்குச் சிக்ரியில் பெயரிட்டதும் இந்த மரபணுவைப் படித்துத்தான். இரண்டுக்கும் எல்லை உண்டு. கருவி தன் தரவுத்தளத்தில் இல்லாததைச் சொல்லாது. விட்மோர் கண்ட கிருமியை அதன் தீங்கற்ற உறவினன் என்று அது தவறாகச் சொன்ன சந்தர்ப்பங்கள் பதிவாகியிருக்கின்றன. எஷ்சரிச்சியாவையும் ஷிகெல்லாவையும் 16எஸ் மரபணுவால் பிரிக்க முடியாது. லாக்டோஸையும் நீந்தும் இயல்பையும் பார்க்கிற பழைய குழாய்களுக்கே திரும்ப வேண்டும். கருவிக்கும் முதலில் கலப்பில்லாத ஒரு காலனி தேவை. மண்ணிலும் நீரிலும் நுண்ணோக்கியில் தெரிவனவற்றில் நூற்றில் ஒன்றுகூட வழக்கமான தட்டுகளில் முளைப்பதில்லை என்பது 1985-லேயே எழுதப்பட்டுவிட்ட செய்தி.

ஆகவே கல்ச்சர் ரிப்போர்ட்டில் 'வளர்ச்சி இல்லை' என்று வந்தால், அந்தத் தட்டில், அந்தச் சூட்டில், அத்தனை நாளில் எதுவும் முளைக்கவில்லை என்றே படிக்க வேண்டும். மாதிரி கொடுப்பவர் இரண்டு காரியம் செய்யலாம். முடிந்தவரை முதல் ஆன்டிபயாட்டிக் விழுங்குவதற்கு முன்பே மாதிரியைக் கொடுத்துவிடுவது ஒன்று. வயல் வேலையா, சர்க்கரை நோய் உண்டா, எங்கே போய் வந்தார், எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று டாக்டரிடமும் லேபிலும் கேட்காமலே சொல்லிவிடுவது மற்றொன்று. எந்தத் தட்டை எடுப்பது, எத்தனை நாள் பொறுப்பது என்று லேபில் உள்ளவர் தீர்மானிப்பது அந்தத் தகவலை வைத்துத்தான்.